ஆட்டிசம் என்று எழுதினால் பள்ளிக் கதவு மூடிவிடுமா?

பெற்றோர் வாட்ஸாப் குழுக்களில் சுற்றும் செய்தி இது: "மருத்துவர் ஆட்டிசம் என்று எழுதிவிட்டால் தானாக அரசுப் பதிவில் ஏறிவிடும், அப்புறம் எந்தச் சாதாரணப் பள்ளியும் பிள்ளையைச் சேர்க்காது." இரண்டுமே தவறு.

மருத்துவர் பரிசோதித்துச் சொல்வது வேறு, மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேறு. சான்றிதழும், யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டையும் நாம் விண்ணப்பித்தால்தான் வரும்.

பள்ளி விஷயத்தில் சட்டம் நேர் எதிராகப் பேசுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளி பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று இருந்தால், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. அருகமைப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது நம் விருப்பம். பொதுத்தேர்வில் கூடுதல் நேரமோ, சொல்வதை எழுத ஆளோ கேட்கவும் சான்றிதழ்தான் கைகொடுக்கும்.

சரி, "சீட் இல்லை" என்று கைவிரிக்கும் பள்ளிகளே இல்லையா? உண்டு. அவர்களுக்குச் சான்றிதழெல்லாம் வேண்டாம். நேர்காணலில் பெயர் கேட்டதும் பிள்ளை பதில் சொல்லாவிட்டாலே போதும். மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் செய்ய அது உதவும்.

சான்றிதழ் இப்போதா, பிறகா என்று நிதானமாக யோசிக்கலாம். பேச்சுப் பயிற்சியைத் தொடங்க அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.