கௌபாய் துப்பாக்கியும் எட்டுமுனைக் கொம்பனும்

தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை காலை ஒரு படம் போட்டிருந்தேன். ஆரஞ்சுச் சட்டை, ஆரஞ்சுத் தொப்பி, கையில் பக்கத்து வீட்டுப் பெரியவரின் பழைய வின்செஸ்டர் லீவர் ஆக்‌ஷன் துப்பாக்கி. படத்தில் பனி இருக்கிறது, ஓக் மரம் இருக்கிறது, மூக்கு சிவந்து நான் இருக்கிறேன். மான் இல்லை. ஆனாலும் கல்லூரி வாட்ஸப் குழுவில் அன்று முழுக்க நான்தான் பலகாரம். "மச்சான், குதிரையை எங்கடா கட்டிப்போட்ட?" என்று ஒருவன். ஜெய்சங்கர் தொப்பி போட்ட படத்தைத் தேடி எடுத்து என் முகத்தை ஒட்டி அனுப்பினான் இன்னொருவன். மூன்றாமவன் தனியாகக் கூப்பிட்டு, "பாவம்டா, மானைப் போய்..." என்றான். அவன் அப்பா பிராய்லர் கடை வைத்திருந்தார் என்பதை இங்கே சொல்லக்கூடாது. சொல்லிவிட்டேன்.

பாவக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். நான் இருப்பது பென்சில்வேனியா. இங்கே ஓநாயும் மலைச் சிங்கமும் 1800களிலேயே ஒழிந்துபோயின. மானும் கிட்டத்தட்ட ஒழிந்துதான் போனது. 1895இல் மாநில வேட்டை ஆணையம் வந்து, கட்டுப்பாடுகள் வந்து, மறுபடி பெருகின. இன்று பின்பக்கத் தோட்டத்துச் செடியைத் தின்பதும், இரவில் கார் முன்னால் பாய்வதும் இந்த வெள்ளைவால் மான்கள்தாம். விற்கிற ஒவ்வொரு வேட்டை ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம் கூட்டாட்சி வரி. 1937இல் வந்த சட்டம். அந்தப் பணம் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. ஊரில் மானைத் தொட்டால் 1972ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளே தள்ளும், தள்ளவும் வேண்டும். அங்கே நிலைமை வேறு, இங்கே வேறு. அவ்வளவுதான். இதற்கு மேல் இதில் வாதாட எனக்கு விருப்பமில்லை. சாப்பிடாதவர்கள் சாப்பிட வேண்டாம்.

எனக்கு உறைத்தது அந்தக் கௌபாய் கிண்டல்தான். ஏனென்றால் அது தப்பு.

லீவர் ஆக்‌ஷன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: ட்ரிக்கரைச் சுற்றி நீளமாக ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதுதான் நெம்புகோல். கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும், அடுத்தது குழலுக்குள் போகும், அடித்து வெடிக்கவைக்கும் ஹேமரும் பின்னால் மடங்கித் தயாராக நிற்கும். எல்லாம் ஒரே அசைவில். திரையில் இதைப் பார்த்த நமக்கு ஞாபகம் இருப்பது வேகம். ஒரு கையில் கடிவாளம், மறு கையில் பட் பட் பட்.

அந்தக் காலத்து லீவர் துப்பாக்கிகள் உண்மையிலேயே அதற்குத்தான். 1860இல் வந்த ஹென்றி, அப்புறம் 1866, 1873 வின்செஸ்டர்கள் எல்லாம் கைத்துப்பாக்கி அளவு பலமுள்ள தோட்டாவை, புகை கக்கும் கறுப்பு வெடிமருந்தில் சுட்டவை. 1876இல் லிட்டில் பிக்ஹார்ன் போரில் அமெரிக்கத் தளபதி கஸ்டரின் குதிரைப்படையைச் சாய்த்த பூர்வகுடி வீரர்களில் பலர் கையில் இருந்தவை இவைதாம். குதிரைப்படை ஒவ்வொரு தோட்டாவாக நிரப்பிக்கொண்டிருந்தது.

என் கையில் இருந்தது அந்த வம்சத்தில் பிறந்து வேறு வேலைக்குப் போன பிள்ளை. ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894. மறு ஆண்டே அதற்கென்று ஒரு தோட்டா வந்தது: முப்பது-முப்பது. முதல் முப்பது குழலின் விட்டம், அங்குலத்தில் நூற்றில் முப்பது. இரண்டாவது முப்பது உள்ளே போட்ட மருந்தின் எடை, கிரெயின் கணக்கில். அந்த மருந்து புகையற்றது. அமெரிக்காவில் புகையற்ற மருந்துக்கென்றே உருவான முதல் வேட்டைத் தோட்டா இதுதான் என்பார்கள். அதற்குள் மேற்கில் மாட்டு மந்தைக் காலம் முடிந்துவிட்டது. வாங்கியவர்கள் விவசாயிகள், மரம் வெட்டுபவர்கள், சுரங்கத்துக்குப் போகிறவர்கள். வருஷத்தில் இரண்டு வாரம் மான் வேட்டை, மீதி நாள் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். எழுபது லட்சத்துக்கு மேல் விற்றது வேறு எதனால்? கௌபாய்கள் அத்தனை பேர் எங்கே இருந்தார்கள்?

பெரியவரின் துப்பாக்கி அவருடைய அப்பா வாங்கியது. 1964க்கு முந்தையது. இதைச் சொல்லும்போது அவர் குரலே மாறும். அந்த வருஷம் செலவைக் குறைக்க அழுத்தியெடுத்த உதிரிகளைப் போட ஆரம்பித்தார்கள், பெயர் கெட்டது, பழையதற்கு மவுசு கூடியது. கையில் எடுத்து நெம்புகோலை இழுத்தால் வித்தியாசம் தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் மானுக்கு உற்பத்தி ஆண்டு தெரியாது. வின்செஸ்டரின் நியூ ஹேவன் தொழிற்சாலையை 2006இல் மூடிவிட்டார்கள். இப்போது புதிதாக வருபவை ஜப்பானில் செய்தவை. நன்றாகவே செய்கிறார்கள். இதை அவரிடம் ஒருமுறை சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை.

பாட்டர் கவுண்டியில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு பலகைக் குடில் உண்டு. சுற்றிலும் மலை, ஹெம்லாக் மரங்கள், இடுப்புயரத்துக்கு அடர்ந்த லாரல் புதர். இந்தப் புதருக்குள் மானைப் பார்ப்பது என்பது முழு மானைப் பார்ப்பதல்ல. ஒரு காது அசையும். கிடைமட்டமாக ஒரு கோடு தெரியும், காட்டில் எல்லாமே செங்குத்து, அதனால் அது முதுகாக இருக்கலாம். தெரியும்போது முப்பது நாற்பது கஜம், மிஞ்சினால் எண்பது. இங்கே ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கி வைத்த நீளக் குழல் துப்பாக்கி கொண்டுபோனால் கொடிக்கொடியாக மாட்டும். இந்தத் தொண்ணூற்றுநாலாம் மாடல் வின்செஸ்டரோ மூன்று கிலோ சொச்சம், தட்டையான உடம்பு. ஒரு கையில் நடுவில் பிடித்துக்கொண்டு மறு கையால் கிளையை விலக்கிப் போகலாம். பென்சில்வேனியாவில் அரைத் தானியங்கி ரைஃபிளால் மான் சுடச் சட்டம் விடாது. ஆகவே இரண்டாவது குண்டு வேகமாக வேண்டுமென்றவர்களுக்கு நெம்புகோல் ஒரு வழியாக இருந்தது.

ஆனால் அந்த வேகத்தை யாரும் பயன்படுத்த மாட்டார்கள். பெரியவர் ஆறு தோட்டா போகிற துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு உள்ளங்கையில் மூன்றுதான் வைப்பார். முதல் வருஷம் ஏனென்று கேட்டேன். "ஒன்று மானுக்கு. ஒன்று உன் கை நடுங்கினால். மூன்றாவது வழி தவறினால் சுட்டுக் கூப்பிட" என்றார்.

இந்தத் துப்பாக்கியின் நிஜமான குணம் அதன் குறைதான். தோட்டாக்கள் குழலுக்குக் கீழே ஒரு குழாயில் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு முன்னதன் பிட்டத்தில், அதாவது அடித்தால் வெடிக்கும் இடத்தில், முட்டிக்கொண்டிருக்கும். கூர்மூக்குக் குண்டு போட்டால் சுடும்போது வரும் அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். அதனால் மூக்கைத் தட்டையாக்கினார்கள். தட்டை மூக்கு காற்றைக் கிழிக்காது, முட்டித் தள்ளிக்கொண்டு போகும். 100 கஜத்துக்குக் குறிவைத்து நிறுத்திய துப்பாக்கி 200இல் ஏழெட்டு அங்குலம் கீழே அடிக்கும். 300இல் இரண்டடிக்கும் கீழே. மானின் நெஞ்சுக்கூட்டில் நாம் அடிக்க வேண்டிய இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ரப்பர் போல வளையும் கூர்மூக்கு வைத்த தோட்டாக்கள் இப்போது கிடைக்கின்றன. இன்னும் கொஞ்சம் தூரம் போகும். பெரியவர் தொடமாட்டார், நானும் வாங்கவில்லை. அந்தத் துப்பாக்கியில் ஸ்கோப்பும் கிடையாது. கூடு மேல்பக்கமாகத் தெறிப்பதால் வைக்கவும் வசதியில்லை. 1948இல் வந்த மார்லின் 336 என்ற இன்னொரு லீவர் துப்பாக்கி கூட்டைப் பக்கவாட்டில் தள்ளும், அதில் வைக்கலாம். எனக்கு இருப்பது குழல் நுனியில் ஒரு முள், பின்னால் ஒரு பள்ளம். முள்ளைப் பள்ளத்தில் உட்கார வைத்து மானைப் பார்த்தால் 150 கஜத்தில் முள்ளே பாதி மானை மறைத்துவிடும். துப்பாக்கியே சொல்கிறது: கிட்டப் போ, இல்லையென்றால் விடு.

போன வருஷம் நடந்ததைச் சொல்ல வேண்டும். குடிலுக்கு வந்த சொந்தக்காரப் பையன் ஒருவன், நல்லவன்தான், புத்தம்புது போல்ட் ரைஃபிளும் கை நீளத்துக்கு ஸ்கோப்புமாக வந்திருந்தான். மின்கோபுரங்களுக்காக மரம் வெட்டிய வழித்தடம் ஒன்று மலைமேல் நேராக ஏறும். அதன் கீழ்முனையில் உட்கார்ந்து முந்நூறு கஜத்துக்கு மேலிருந்த மானைச் சுட்டான். ஸ்கோப்பில் கண் இமை தெரிந்ததாம். மான் ஒரு அடி எடுத்து வைத்திருக்கும், அல்லது காற்று அடித்திருக்கும். பனியில் ரத்தத்துளிகளைப் பார்த்துக்கொண்டே இரவு பதினொரு மணி வரை டார்ச்சோடு நடந்தோம். ஓடையில் தடம் அற்றுப்போனது. மறுநாள் விடியவும் போனோம். கிடைக்கவில்லை. அவனோடு யாரும் சண்டை போடவில்லை. அவனே ரைஃபிளைப் பெட்டியில் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான்.

"துப்பாக்கி மேல் என்ன தப்பு, சுட்டவன் மேல்தானே?" என்பீர்கள். சரி. சுட்டவன் மேல்தான். ஆனால் முடியும் என்று கண்ணுக்குக் காட்டுகிற கருவி ஒன்று, முடியாது என்று கையைப் பிடிக்கிற கருவி ஒன்று இருந்தால், என்னைப் போல நாற்பது வயதில் கற்றுக்கொள்ள வந்தவனுக்கு இரண்டாவதுதான் நல்லது. மேற்கே வயோமிங்கின் வெட்டவெளியில் நிற்பவர்களுக்கு நான் இதைச் சொல்லவில்லை. அவர்களுக்கு அந்த நீளக் குழல் தேவை.

லீவர் துப்பாக்கிக்குக் கோயில் கட்டவும் நான் தயாரில்லை. புதரைத் துளைத்துக்கொண்டு போகும் என்று ஒரு பேர் அதற்கு உண்டு. கனமான, மெதுவான குண்டு சின்னக் கிளைகளைப் பொருட்படுத்தாதாம். சுத்தப் பொய். இரண்டாவது வருஷம் நாற்பது கஜத்தில் நின்ற ஒரு பிணையைத் தவறவிட்டேன். (பக், டோ என்று இங்கே சொல்வதற்கு நம்மிடம் கலை, பிணை என்று எவ்வளவு அழகான சொற்கள்!) போய்ப் பார்த்தால் விரல் தடிமன் லாரல் கிளை ஒன்று பாதியாகப் பிளந்திருந்தது. எந்தக் குண்டும் கிளையில் பட்டால் திசை மாறும்.

தோட்டாவை வெளியே எடுப்பதும் தொல்லை. இங்கே வண்டிக்குள் துப்பாக்கி வைத்தால் குழலிலோ குழாயிலோ ஒரு தோட்டாகூட இருக்கக்கூடாது. தொண்ணூற்றுநாலில் மீதமுள்ளதை எடுக்க ஒரே வழி, ஒவ்வொன்றையும் குழலுக்குள் ஏற்றி வெளியே தள்ளுவது. இருட்டில், விரல் மரத்த நேரத்தில், நிஜத் தோட்டாவோடு. அதைவிடப் பயம், மடங்கி நிற்கும் ஹேமரைக் கட்டைவிரலால் மெல்ல இறக்கிப் பாதியில் நிறுத்துவது. இந்தத் துப்பாக்கியில் பாதுகாப்புப் பூட்டே அந்தப் பாதி நிலைதான். விரல் வழுக்கினால் அவ்வளவுதான். குழலின் வாய் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே இறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு ஒரு சுற்று சுற்றும்.

(எச்1பி தம்பிகள் இன்பாக்ஸில் வரிசையாகக் கேட்கிறீர்கள். உங்களைப் போலக் குடியேற்றமல்லாத தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. நான் கிரீன் கார்டு வந்த பிறகு, வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்து, உரிமம் வாங்கித்தான் தொட்டேன். என்னைக் கேட்காதீர்கள், வக்கீலைக் கேளுங்கள்.)

இந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். ஆறே முக்காலுக்கு வெளிச்சம் வடிந்து வந்தது. அதே வழித்தடத்தின் ஓரத்தில், ஒரு ஹெம்லாக்கில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். எட்டு மணி வாக்கில் மேலே காட்டிலிருந்து கொம்பன் மான் ஒருவன் இறங்கி வெட்டவெளிக்கு வந்தான். கொம்பில் பக்கத்துக்கு நான்கு முனை, மொத்தம் எட்டு. இங்கே பெரும்பாலான பகுதிகளில் ஒரு பக்கம் மூன்று முனையாவது இருந்தால்தான் சுடலாம். இவனுக்கு உரிமத்தின்படி எந்தத் தடையும் இல்லை. இரண்டாவது கோபுரத்தடியில் நின்றான். அந்தக் கோபுரம் 240 கஜம், முந்தின நாள்தான் அளந்து வைத்திருந்தேன்.

நெம்புகோல் மேல் கை இருந்தது. முள்ளைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. முள்ளுக்குப் பின்னால் மான் காணாமல் போனது. இறக்கினேன். அவன் ஐந்து நிமிஷம் நின்றான். பனியைக் குளம்பால் கிளறி எதையோ தின்றான், மூச்சு புகையாகப் போனது. அப்புறம் மறுபக்கத்து லாரலுக்குள் நுழைந்தான். நான் எழுந்து, காற்று முகத்தில் அடிக்கிற பக்கமாகச் சுற்றி, முழங்கால் நனைய ஒன்றரை மணி நேரம் ஏறினேன். கிட்டத்தட்ட அறுபது கஜத்தில் ஒரு வெள்ளைவால் கொடி போலத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தேன். அவன்தானா என்றுகூடத் தெரியாது. அந்த ஒன்றரை மணி நேரம் போல இந்த வருஷத்தில் எனக்கு இன்னொன்று அமையவில்லை.

சாயங்காலம் குடிலில் பெரியவர், "எங்கே நின்றான்?" என்றார். "இரண்டாவது கோபுரம்." "ஓ" என்று சொல்லிவிட்டுச் சூப்பை ஊற்றிக் கொடுத்தார். மூன்று தோட்டாவையும் எண்ணித் திருப்பி வாங்கிக்கொண்டார்.

ஆக, மிளகுக்கறி கேட்டவர்களுக்கு இந்த முறை ஒன்றுமில்லை. மான்கறியில் கொழுப்பு கிடையாது, கொஞ்சம் விட்டால் செருப்புத்தோல். என் மனைவி முதல் வருஷம் சட்டியைத் தொடமாட்டேன் என்றவர், இப்போது குக்கரில் நாலு விசில், அப்புறம் நல்லெண்ணெயில் பிரட்டல் என்று அவரே ஒரு பக்குவம் வைத்திருக்கிறார். போன வருஷத்துப் பொட்டலம் ஒன்று ஃப்ரீசரில் இருக்கிறது. முதலில் வருபவருக்கு.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் இங்கே இன்னொரு சீசன் உண்டு. ஃபிளிண்ட்லாக் மட்டும். சிக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பொறி பறந்து சுடுகிற, ஒரே ஒரு குண்டு போகிற துப்பாக்கி. பெரியவர் அவருடையதைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்துவிட்டு, நீ வருகிறாயா என்று கேட்டிருக்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பதிவை இவ்வளவு தூரம் படித்தால் தெரிந்துகொள்வார்.