பதினாறுக்கு இருபது

என் மகள் நாலாம் வகுப்பு. போன செப்டம்பரில் ஒருநாள், பையைக் கீழே வைத்ததும் வைக்காததுமாகக் கேட்டாள்: "அம்மா, நாம பிள்ளையார் வெச்சிருக்கறது தப்பா?"

வகுப்பில் பைபிளின் பத்துக் கட்டளை போஸ்டர் வந்துவிட்டதாம். கடிகாரத்துக்குக் கீழே, இவள் மேசைக்கு நேர் எதிரே. விக்கிரகம் செய்யாதே என்ற வரியை எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறாள்.

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் டெக்சாஸுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். 2025 ஜூனில் ஆளுநர் கிரெக் அபட் கையெழுத்திட்ட சட்டம் இது. அரசுப் பள்ளியின் ஒவ்வொரு வகுப்பறையிலும் இந்த போஸ்டர் குறைந்தது 16க்கு 20 அங்குலத்தில், எந்த மூலையிலிருந்தும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். பள்ளி காசு போட வேண்டாம். யாராவது நன்கொடையாகக் கொடுத்தால் மாட்டியே தீர வேண்டும். ஆகஸ்டில் ஃபெடரல் நீதிபதி ஒருவர் தடை போட்டார், வழக்கில் இருந்த 11 பள்ளி மாவட்டங்களுக்கு மட்டும். எங்கள் மாவட்டம் அதில் இல்லை.

கென்டக்கி மாநிலத்திலும் முன்பு இதே 16க்கு 20, இதே நன்கொடைக் கணக்குதான். 1980இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று அதைத் தள்ளியது. 2022இல் அரசுப் பள்ளி ஃபுட்பால் கோச் ஒருவர் மைதானத்தில் ஜெபம் செய்த வழக்கில் அதே நீதிமன்றத்தில் ஜெயித்ததிலிருந்து, காற்று தங்கள் பக்கம் திரும்பிவிட்டது என்று போஸ்டர் மாட்டச் சொல்பவர்களுக்குத் தெம்பு.

எனக்குக் கட்டளைகள்மேல் கோபமே கிடையாது. பாளையங்கோட்டையில் கிறிஸ்தவப் பள்ளியில் படித்தவள் நான். இந்தக் கட்டளைகள் வருகிற யாத்திராகமம் 20ஐ இன்றைக்கும் தடுமாறாமல் சொல்வேன். வசனப் போட்டியில் ஒரு சோப்பு டப்பா வாங்கியிருக்கிறேன். ஆனால் அது மிஷன் பள்ளி. என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்று தெரிந்துதான் அப்பா சேர்த்தார். இது நான் கட்டுகிற வீட்டு வரியில் ஓடுகிற பள்ளி.

இன்னொன்று. யாருடைய பத்து? யூதர்களுக்கு "நானே உன் ஆண்டவர்" என்பதே முதல் கட்டளை. கத்தோலிக்கர்களுக்கு விக்கிரகம் தனிக் கட்டளை இல்லை, முதலாவதில் அடக்கம். டெக்சாஸ் சட்டமோ எந்த வாசகம் வர வேண்டும் என்பதை வார்த்தை வார்த்தையாக எழுதியே கொடுத்திருக்கிறது. எம்.எல்.ஏ.க்கள் உட்கார்ந்து வேதத்தின் வாசகத்தை முடிவு செய்திருக்கிறார்கள்! பள்ளியில் எந்த பைபிளைப் படிப்பது என்ற சண்டை முற்றி 1844இல் பிலடெல்பியாவில் கலவரமே வந்தது. கத்தோலிக்கக் கோயில்கள் எரிந்தன. அடித்துக்கொண்ட இரு தரப்பும் கிறிஸ்தவர்கள்தான். இப்போது வழக்குப் போட்டவர்களில் இந்துக் குடும்பம் மட்டுமல்ல, ரபியும் (யூத குரு) பாஸ்டர்களும் இருக்கிறார்கள்.

பிடிக்காவிட்டால் பார்க்காமல் இருக்கச் சொல்லுங்கள் என்று பெற்றோருக்கு யோசனை சொன்னார், இதே மாதிரிச் சட்டம் போட்ட பக்கத்து மாநிலம் லூசியானாவின் ஆளுநர். எந்த மூலையிலிருந்தும் தெரிய வேண்டும் என்று எழுதிவைத்த போஸ்டரை எப்படிப் பார்க்காமல் இருப்பது?

பேரன்ட்-டீச்சர் மீட்டிங்கில் டீச்சரிடம் மெதுவாகக் கேட்டேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். மாட்டிய வாரத்திலேயே மூன்று பிள்ளைகள், கட்டளையில் வருகிற 'அடல்டரி' (விபசாரம்) என்றால் என்னவென்று கேட்டார்களாம்.

"என்ன சொன்னீங்க?"

"வீட்ல போய்க் கேளுங்கன்னுட்டேன்."