கொரோனா எண்ணிக்கை: திருத்தியவர்களை ஏன் திட்டினோம்?

2020 ஜூலை 22 அன்று தமிழ்நாடு சுகாதாரத் துறை தன் மாலை அறிக்கையில் கொரோனா இறப்புக் கணக்கில் 444 பேரைக் கூடுதலாகச் சேர்த்தது. அவர்கள் யாரும் அன்று இறந்தவர்கள் இல்லை. முந்தைய மாதங்களில் சென்னையில் இறந்தவர்கள். மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்தார்கள், மாநிலத்தின் கொரோனா பட்டியலில் இல்லை. இரண்டும் பொருந்தவில்லை என்று செய்தியாளர்கள் எழுதினார்கள். அரசு குழு அமைத்தது, குழு பதிவேடுகளை ஒப்பிட்டது, எண் மாறியது. அன்று இரவு நான் பார்த்த பதிவுகளில் பாதிக்கு மேல், இத்தனை பேரை மறைத்துவிட்டார்களே என்ற கோபம்தான்.

அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது தப்பான இடத்தில் இறங்கியது என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். கணக்கை ஒப்பிட்டுச் சரிசெய்த மாநிலம் திட்டு வாங்கியது. ஒப்பிட்டே பார்க்காத மாநிலங்கள் இறப்பு விகிதம் குறைவு என்று பாராட்டு வாங்கின. இதைப் பார்க்கும் ஒரு சுகாதார அதிகாரி என்ன முடிவுக்கு வருவார்?

அந்த இரண்டு வருடமும் காலையில் மத்திய அரசின் எண்ணையும் மாலையில் மாநில அறிக்கையையும் பார்க்காமல் நம்மில் பலருக்கு நாள் நகர்ந்ததில்லை. ஆனால் அந்த எண் எதை எண்ணுகிறது என்று நம்மிடம் யாரும் பொறுமையாகச் சொல்லவில்லை. ஒருவருக்குத் தொற்று வந்து, அறிகுறி தெரிய சில நாள், பரிசோதனைக்குப் போக ஒன்றிரண்டு நாள், முடிவு வர இன்னும் ஒரு நாள், அது பட்டியலில் ஏற இன்னும் ஒரு நாள். ஆக, 'இன்றைய பாதிப்பு' என்று நாம் படித்தது இன்று அறிவிக்கப்பட்ட பாதிப்பு. தொற்று நடந்தது போன வாரமோ அதற்கும் முன்போ.

அப்புறம் பரிசோதனை. 2021 மே 9 காலை வெளியான, நாடு முழுமைக்குமான புதிய பாதிப்பு எண் 4,03,738. மறுநாள் 3,66,161. ஒரே நாளில் முப்பத்தேழாயிரம் குறைந்துவிட்டதாகத் தொலைக்காட்சிகளில் பெரிய எழுத்தில் ஓடியது. நடுவில் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தைய நாள் 18 லட்சத்துக்கு மேல் நடந்த பரிசோதனை அன்று ஏறக்குறைய 15 லட்சமாக இறங்கியிருந்தது. பரிசோதித்த நூறு பேரில் எத்தனை பேருக்குத் தொற்று என்று பார்த்தால், சுமார் 22-ஆக இருந்தது 25-ஆகக் கூடியிருந்தது. அலையின் உச்சம் உண்மையிலேயே அந்த நாட்களை ஒட்டித்தான் வந்தது. ஆனால் அந்த ஒற்றை எண்ணை வைத்து அதை யாரும் சொல்லியிருக்க முடியாது. ஏழு நாள் சராசரியையும் பரிசோதனை எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்திருந்தால் படிக்கிறவர்களுக்கே புரிந்திருக்கும். ஊடகங்களுக்கு அதைச் செய்வது சிரமமான வேலை இல்லை.

எவ்வளவு தவறவிட்டோம் என்பதற்கு, மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். யாருக்கெல்லாம் ஏற்கெனவே தொற்று வந்துபோயிருக்கிறது என்று பார்க்க நடத்திய ரத்த மாதிரி ஆய்வுகளே சாட்சி. 2020 ஆகஸ்ட், செப்டம்பரில் நடந்த இரண்டாவது ஆய்வின்படி, கணக்கில் வந்த ஒவ்வொரு தொற்றுக்கும் கணக்கில் வராதவை உட்பட 26 முதல் 32 தொற்றுகள் இருந்தன. லேசான காய்ச்சலோடு வீட்டிலேயே இருந்தவர்களை எந்த நாடும் முழுசாக எண்ணியதில்லை. அதனால் இதைக் குற்றமாகச் சொல்ல வரவில்லை.

இறப்பு அப்படி இல்லை. அதை எண்ண முடியும். இந்தியாவில் 1969-இலிருந்து பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இருக்கிறது, ஊருக்கு ஊர் பதிவாளர் இருக்கிறார்.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டின் அறிக்கையைப் பாராட்டியே ஆக வேண்டும். பெயர் இல்லாமல், இறந்த ஒவ்வொருவருக்கும் சில வரிகள் இருக்கும். வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்ததா, எந்தத் தேதியில் மருத்துவமனையில் சேர்ந்தார், எந்தத் தேதியில் இறந்தார். பலர் 'இணை நோய் இருந்தது' என்ற சொல்லைப் பார்த்ததும் ஆறுதலோடு அடுத்த வரிக்குப் போனார்கள். சர்க்கரை நோய் இல்லாத குடும்பம் எத்தனை இருக்கிறது, அதில் என்ன ஆறுதல் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கும். ஆனால் அந்த வரிகளைப் பொறுமையாகப் படித்தால், ஓர் இறப்பு அறிக்கைக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகிறது என்று தெரிந்தது. தாமதம் கூடும்போது, நாம் பார்ப்பது பழைய நிலவரம் என்பதும் தெரிந்தது. வெறும் மொத்த எண்ணை மட்டும் வெளியிட்ட இடங்களில் இந்தச் சோதனையைச் செய்யவே வழியில்லை.

2021 ஜூன் 9 அன்று பீகார், நீதிமன்றம் தலையிட்ட பிறகு, தன் இறப்புக் கணக்கில் 3,951 பேரை மொத்தமாகச் சேர்த்தது. அதனால் மறுநாள் நாடு முழுமைக்குமான இறப்பு 6,148 என்று வந்தது. வரைபடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் ஊசி போல நிற்கும். ஊசியைப் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. சேர்க்கப்பட்டவர்கள் எந்தெந்த நாளில் இறந்தார்களோ அந்தந்த நாளிலேயே அவர்களைச் சேர்த்து வரைபடத்தைத் திருத்தியிருந்தால், அலை எப்போது ஏறியது, ஆக்சிஜன் எப்போது பற்றாமல் போனது என்பதையெல்லாம் சரியாகப் படித்திருக்கலாம்.

இப்போது பெரிய கணக்கு. 2019-இல் நாட்டில் பதிவான இறப்பு சுமார் 76 லட்சம். 2020-இல் 81 லட்சம். 2021-இல் ஒரு கோடியே 2 லட்சம். ஒரே வருடத்தில் 21 லட்சம் கூடியிருக்கிறது. எல்லாமே கொரோனா என்று சொல்ல முடியாது, இறப்பைப் பதிவு செய்வதும் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டுதான் வந்தது. ஆனால் அந்த இரண்டு வருடத்துக்குமான அதிகாரப்பூர்வ கொரோனா இறப்பு ஐந்து லட்சத்துக்கும் கீழே. பெருந்தொற்றால் நேரடியாகவோ மறைமுகமாகவோ கூடுதலாக நேர்ந்த இறப்பு 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது, அந்தக் கணக்கு முறையை இந்திய அரசு ஏற்கவில்லை. ஏற்காதது அரசின் உரிமை. ஆனால் மதிப்பீட்டுக்குச் சரியான பதில் பதிவேடு. 2021-க்கான பதிவேட்டுக் கணக்கு வெளிவந்ததோ 2025 மே மாதத்தில். பெற்றோரை இழந்தவர்களுக்கும், ஐம்பதாயிரம் ரூபாய் நிவாரணத்துக்காக 'இது கொரோனாதான்' என்று சான்று தேடி அலைந்தவர்களுக்கும் இந்த நான்கு வருடம் சின்ன விஷயம் இல்லை.

கோவிட்19இந்தியா.ஆர்க் தளத்தை நடத்திய தன்னார்வலர்களையும் சொல்லாமல் விட முடியாது. மாநிலங்கள் பிடிஎஃப் ஆகவும் படமாகவும் ட்வீட்டாகவும் போட்டதையெல்லாம் திரட்டி, மாவட்ட வாரியாக அட்டவணையாக்கி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து வைத்தார்கள். 2021 அக்டோபர் கடைசியோடு நிறுத்திக்கொண்டார்கள். ஓர் அரசின் கடமையைத் தன்னார்வலர்கள் அத்தனை நாள் சுமந்ததே அதிகம்.

அடுத்த தொற்று வரும்போது நாம் கேட்க வேண்டியது இதுதான். அறிவித்த தேதியோடு நிகழ்ந்த தேதியும் வேண்டும். எத்தனை பரிசோதனை, அதில் ஆய்வகத்தில் செய்யும் ஆர்டி-பிசிஆர் எத்தனை, உடனே முடிவு தரும் ஆன்டிஜென் எத்தனை என்று பிரித்துத் தர வேண்டும். கணினியில் நேரடியாகக் கையாளக்கூடிய வடிவில் தர வேண்டும். மாதம் ஒருமுறை இறப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள், ஏன் விடுபட்டார்கள் என்று அதே அறிக்கையில் சொல்ல வேண்டும். சொல்லும் மாநிலத்தைத் திட்டாமல், சொல்லாத மாநிலத்திடம் நாம் கேட்க வேண்டும். உள்ளூர்ப் பதிவாளர்கள் இறப்பு விவரங்களை மாதந்தோறும் மேலே அனுப்பத்தான் செய்கிறார்கள். அந்த எண்ணிக்கையை மாதந்தோறும் வெளியிட, அடுத்த தொற்று வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த மாதமே தொடங்கலாம்.