கறுப்பு நகமுள்ள நாய்களைப் பற்றி ஒரு குறிப்பு
கட்டுரையாளருக்கு வணக்கம். நாய்களுக்கு நகம் வெட்டுவது பற்றிய உங்கள் கட்டுரையில், நகத்துக்குள் தெரியும் இளஞ்சிவப்புச் சதைப்பகுதியைப் பார்த்து, அதற்கு 2 மில்லிமீட்டர் முன்பே வெட்டை நிறுத்திவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள்; வெள்ளை நகத்துக்கு அது சரியே, ஆனால் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நாங்கள் வளர்க்கும் நாய்க்கு நகங்கள் யாவும் கருமையாக இருப்பதால் உள்ளே எதுவும் தெரிவதில்லை. அத்தகைய நகத்தை ஒரே வெட்டில் குறைக்காமல், மெல்லிய சீவல்களாகச் சிறிது சிறிதாக நறுக்கி, ஒவ்வொரு முறையும் வெட்டிய முகப்பை நல்ல வெளிச்சத்தில் பார்த்து, அதன் நடுவில் கரும்புள்ளி ஒன்று தென்பட்டவுடன் நிறுத்துவதே பாதுகாப்பானது. முதல் முறை இதை அறியாமல் நான் ஆழமாக வெட்டிவிட, இரத்தம் வழிய எங்கள் நாய் கத்தியதை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை. சமையலறையிலிருந்த மைசீனா என்னும் சோளமாவை நகநுனியில் வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடித்த பின்புதான் இரத்தம் நின்றது. மிக நீண்டுவிட்ட நகத்தை ஒரே நாளில் சரிசெய்ய எவரும் முயல வேண்டாம். வாரந்தோறும் நுனியை மட்டும் எடுத்துவந்தால் உள்ளிருக்கும் இரத்தக்குழாயும் படிப்படியாகப் பின்வாங்கும். முன்னங்கால்களின் உட்புறம் சற்று மேலே இருக்கும் கட்டைவிரல் நகத்தைப் பற்றி நீங்கள் குறிப்பிடவில்லை. அது தரையில் தேயாததால் வளைந்து வளர்ந்து சதைக்குள்ளேயே குத்திவிடக்கூடும். தயவுசெய்து அதனையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள்.