கச்சேரி வண்டி ஓட்ட வருகிற தம்பிகளுக்கு

இசைக்குழு வண்டிக்கு ஓட்டுநராகச் சேர என்ன செய்ய வேண்டும் என்று தருமபுரி பக்கத்துத் தம்பிகள் என்னிடம் கேட்கிறார்கள். பாட்டு என்றால் உயிர் என்பதைப் பெரிய தகுதியாகச் சொல்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால்தான் பயம். பத்தடி தள்ளி ஸ்பீக்கர் அலறும்போதும் வண்டிக்குள் படுத்துத் தூங்கத் தெரிந்தவன்தான் இந்த வேலைக்கு ஆள்.

உரிமம் பெரிய விஷயமல்ல. 20 வயது ஆகியிருக்க வேண்டும். ஆளும் சாமானும் ஏற்றிய வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் என்றால் இலகுரக உரிமமே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது. பெரிய பஸ் என்றால் கனரக உரிமம். இலகுரக உரிமம் எடுத்து ஓராண்டாவது ஆகியிருந்தால்தான் அதற்குப் பழகவே விடுவார்கள்.

தூக்கத்துக்கு வருகிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் திருவிழாக் கச்சேரி என்று வையுங்கள். மதியமே போய்ச் சாமான் இறக்க வேண்டும். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணிதான் வரம்பு. விழா அனுமதி வாங்கியிருந்தால் 12. அதன்பின் கேபிள் சுருட்டி, டிரம்ஸைக் கழற்றி, சாப்பிட்டு முடிக்க இரண்டு மணியாகிவிடும். இதற்கிடையே யாராவது, "சும்மாதானே நிற்கிறாய், ஒரு கை பிடி தம்பி" என்பார். பிடிக்காதீர்கள். திமிர் பிடித்தவன் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். அத்தனை பேரும் குறட்டை விட, மூன்றரை மணிக்குத் தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கப்போவது நீங்கள்தான். அங்கே டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற மகராசர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜின் பிடிப்பு போனால் முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். சூடேறிய பிரேக் பிடிக்காது. தூக்கக் கலக்கத்தில் இருப்பவனுக்கு இந்த யோசனையெல்லாம் வருமா?

அமெரிக்காவில் பயணிகள் பஸ் ஓட்டுநர் தொடர்ந்து 8 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகுதான் வண்டியில் ஏறலாம். அதன்பின் 10 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. பாடகர்களின் பஸ்ஸை இரவெல்லாம் ஓட்டியவருக்குப் பகலில் தூங்க விடுதி அறை போட்டுக்கொடுப்பதும் அங்கே வழக்கம். நம் நாட்டிலும் 2025 நவம்பர் வரை இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம்தான் வேலை என்றது. ஆனால் ஐந்து பேருக்குக் குறைவாக வைத்து நடத்திய முதலாளியை அது தொடவில்லை. ஒற்றை வண்டிக்காரரிடம் சட்டம் பேசிப் பயனில்லை, வாய்தான் பேச வேண்டும்.

ஆகவே முதல் நாளே கேளுங்கள். படி எவ்வளவு என்பதற்கு முன், எங்கே படுப்பது என்று கேளுங்கள். சாமான் ஏற்ற தனி ஆள் உண்டா, தூர ஊர் என்றால் இரண்டாவது ஓட்டுநர் வருவாரா, ஓசூர் தாண்டினால் கர்நாடகத்துக்குப் பர்மிட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இவ்வளவு கேள்வி கேட்பவன் வேண்டாம் என்று ஒரு குழு அனுப்பிவிட்டால் வருத்தப்படாதீர்கள். சித்திரையிலும் ஆடியிலும் ஓட்டுநர் கிடைக்காமல் அலைவது அவர்கள்தான். அப்போது கேள்விக்குப் பதிலும் வரும், படியும் கூடும்.