மொசார்ட் கேட்டால் குழந்தையின் ஐக்யூ கூடுமா?

"கருவிலிருக்கும் குழந்தைக்கு மொசார்ட் இசை கேட்க வைத்தால் ஐக்யூ 9 புள்ளி கூடும், ஆய்வில் நிரூபணம்" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் மறுபடியும் சுற்றுகிறது. தவறு. அந்த ஆய்வில் குழந்தை ஒன்றுகூட இல்லை.

1993இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வந்த ஒரு பக்கக் கட்டுரைதான் இதற்கெல்லாம் மூலம். பங்கேற்றவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். 10 நிமிடம் மொசார்ட்டின் பியானோ இசை கேட்ட பிறகு அவர்களுக்குக் கொடுத்தது முழு ஐக்யூ தேர்வுமல்ல, இடஞ்சார் சிந்தனைக் கணக்குகள். உதாரணமாக, ஒரு காகிதத்தைப் பல மடிப்பாக மடித்துக் கத்தரியால் வெட்டினால், விரித்ததும் எப்படித் தெரியும் என்று மனதுக்குள்ளேயே பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த மதிப்பெண்ணை ஐக்யூ அளவுகோலுக்கு மாற்றியபோது வந்ததுதான் 8, 9 புள்ளி. அதுவும் 10-15 நிமிடத்தில் கரைந்துவிட்டது என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்! ஃபார்வர்டு செய்பவர்கள் அந்த வரியை மட்டும் எப்படியோ தவறவிட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு சிக்கல் ஒப்பீட்டில் இருக்கிறது. சோதனையின் மற்ற சுற்றுகளில் அதே மாணவர்கள் சும்மா அமைதியாக இருந்தார்கள், அல்லது தளர்வுப் பயிற்சி ஒலிப்பதிவு கேட்டார்கள். அப்படியானால் கைகொடுத்தது மொசார்ட்டா, வெறும் உற்சாகமா? 2001இல் வந்த ஓர் ஆய்வு, மனநிலையையும் விழிப்பையும் கணக்கில் எடுத்ததும் அந்த வித்தியாசம் மறைவதைக் காட்டியது. மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோதும் பலருக்கு அந்த விளைவு கிடைக்கவில்லை.

இதற்குள் 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு தர பட்ஜெட்டில் பணம் கேட்டிருந்தார்.