அந்த ஆய்வு "பொறுத்துப் போ" என்று சொல்லவில்லை

விவாகரத்தைப் பற்றி ஒருவர் மேடையில் பேசும் வீடியோ, எல்லோர் வாட்ஸ்அப்பிலும் இப்போது அதுதான் சுற்றுகிறது. "உறவுதான் ஆரோக்கியம்னு ஹார்வர்டு ஆராய்ச்சியே சொல்லிடுச்சு. நம்ம பொண்ணுங்க சின்னச் சண்டைக்கெல்லாம் கோர்ட் படி ஏறி, தனியா நின்னு நோயாளி ஆகுறாங்க." அரங்கமே கைதட்டுகிறது.

ஐயா, அந்த ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை.

1938இல் அமெரிக்காவின் பாஸ்டனில் தொடங்கியது அது. ஹார்வர்டு மாணவர்கள் 268 பேர், நகரின் ஏழைப் பகுதிப் பையன்கள் 456 பேர், இவர்களுடைய வாழ்க்கையைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 50 வயதில் உறவுகளில் நிறைவாக இருந்தவர்கள்தான் 80 வயதில் அதிக ஆரோக்கியத்தோடு இருந்தார்கள். கொலஸ்ட்ரால் அளவுகூட அதை இவ்வளவு சரியாக முன்கூட்டிக் காட்டவில்லை. கவனியுங்கள், தாலி கட்டியவர்கள் என்று இல்லை, நிறைவாக இருந்தவர்கள். ஆய்வை நடத்தும் ராபர்ட் வால்டிங்கர் 2015இல் பேசிய உரை இணையத்திலேயே இருக்கிறது. அன்பில்லாமல் ஓயாத சண்டையோடு ஓடும் மணவாழ்க்கை உடம்புக்கு ரொம்பக் கெடுதல், ஒருவேளை விவாகரத்தைவிடவும் மோசம் என்று அதில் சொல்கிறார். மேடையில் பேசியவர் இதைக் கேட்கவில்லையா, கேட்டும் மறைத்தாரா?

இன்னொன்றும் சொல்கிறேன். 2005இல் வெளிவந்த ஆய்வு, ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு செய்தது. 42 தம்பதிகளின் கையில் சின்னக் கொப்புளப் புண்களை உண்டாக்கி, தங்களுக்குள் ஒத்துப்போகாத ஒரு விஷயத்தைப் பேசச் சொன்னார்கள். ஒருவர்மேல் ஒருவர் வெறுப்பைக் கொட்டிய தம்பதிகளுக்குப் புண் ஆறிய வேகம், மற்றவர்களுடையதில் 60 சதவீதம்தான். வீட்டில் விழும் சொல் தோலில் தெரிகிறது.

எனக்கு இதைப் படித்ததும் அக்காதான் நினைவுக்கு வந்தாள். அத்தான் அடித்ததில்லை. வாரக்கணக்கில் பேசமாட்டார், பேசினால் குத்துவார். அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் அக்கா டிவியை அணைத்துவிட்டு எழுந்து நிற்பாள். முப்பத்தைந்து வயதில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் பிரஷர் மாத்திரை. பையோடு வீட்டுக்கு வந்தவளை, "அனுசரிச்சுப் போம்மா" என்று திருப்பி அனுப்பிய சொந்தக்காரர்களை எண்ணி மாளாது. அவர்களில் பாதிப் பேர்தான் இன்று இந்த வீடியோவைக் குடும்பக் குரூப்பில் போட்டு ஹார்ட் விடுகிறார்கள். அவளும் அந்தக் குரூப்பில் இருக்கிறாள் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அப்போ எல்லாரையும் பிரியச் சொல்றியா?" இல்லை. சண்டையே கூடாது என்றும் சொல்லவில்லை. 80 வயதைத் தாண்டியும் தினமும் முட்டிக்கொண்ட தம்பதிகள் அந்த ஹார்வர்டு ஆய்வில் உண்டு. ஒரு கஷ்டம் என்றால் இவர் நிற்பார் என்ற நம்பிக்கை இருந்தவரை, அந்தச் சண்டைகள் அவர்கள் நினைவாற்றலைக் கெடுக்கவில்லை. அக்காவுக்கு இல்லாமல் போனது அந்த நம்பிக்கைதான்.

"வெள்ளைக்காரன் ஆராய்ச்சி நமக்கெதுக்கு?" மேடையில் அதை இழுத்தவரைக் கேளுங்கள்.

"குழந்தைகள் பாவமில்லையா?" பாவம்தான். பயந்து பயந்து வளர்ந்தாலும் பாவம்தான்.

அப்புறம், உறவு என்றால் புருஷன் மட்டும்தானா? அந்த ஆய்வு நண்பர்களையும் அக்கம்பக்கத்தையும் சேர்த்துத்தான் பேசுகிறது. கல்யாணமானதும் ஒரு பெண்ணின் தோழிகளை ஒவ்வொருவராக வெட்டிவிட்டபோது, உறவுதான் ஆரோக்கியம் என்று எவரும் மைக் பிடிக்கவில்லையே! அக்கா இப்போது தனி வீட்டில் இருக்கிறாள், தனியாக இல்லை. பள்ளித் தோழிகள் இருவர் வாராவாரம் வருகிறார்கள். ராத்திரி தூங்குகிறாள்.

அந்த ஆய்விலேயே மனைவிகளைச் சேர அழைக்க அறுபது வருஷத்துக்கு மேல் ஆனது. "இப்பவாவது கேட்டீங்களே" என்கிற மாதிரிதான் பலர் பதில் சொன்னார்களாம். இங்கே இன்னும் யாரும் கேட்கக்கூட இல்லை, அதற்குள் தீர்ப்பு.

கமெண்டில் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை தவறாக வந்தாலும் பிளாக் செய்வேன். சொந்தக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.